காரின் காற்றுப் பையும் பழுதறியும் முறையும்

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் முன்பே ஊருக்குள் பலமுறை பயணம் செய்துவிடுகிறது. நூல் நிட்டிங்குக்கும், பின்னிய துணி சாயப்பட்டறைக்கும், சாயமேறிய துணி கட்டிங் மேசைக்கும், தைத்த உருப்படி செக்கிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். ஆகவே நம் ஊரில் கார் என்பது உல்லாசப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. காலையில் குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் அதே வண்டி, பத்து மணிக்கு நூல் கோன்களைச் சுமக்கிறது. மாலையில் சாம்பிள் பண்டல்களோடு அவினாசி வழியாகக் கோவைக்குப் பறக்கிறது.

இத்தகைய கார்களில் ஓட்டுநரின் கண்ணெதிரே, வேகமானிக்கு அருகில், ஒரு சிறு விளக்கு உண்டு. அமர்ந்திருக்கும் மனிதன், அவன் முன் ஓர் உருண்டை. அதுவே அதன் சின்னம். சில கார்களில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளாகவும் அது இருக்கும். ஏர்பேக் என்று நாம் வழக்கில் கூறும் காற்றுப் பையின் நலத்தை அறிவிக்கும் விளக்கு அது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப் பை கட்டாயமாக்கப்பட்டது. முன்னிருக்கையில் அருகே அமர்பவருக்கும் அது வேண்டும் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 முதலும் நடைமுறைக்கு வந்தது. எனவே இவ்விளக்கு இன்று வசதி படைத்தோர் வீட்டுச் செய்தியாக இல்லாமல், நடுத்தரக் குடும்பத்தின் செய்தியும் ஆகிவிட்டது.

இவ்விளக்கு என்ன சொல்கிறது, அது அணையாமல் எரிந்தால் பழுதை எவ்வாறு கண்டறிவது, அதை ஏமாற்றி அணைத்தால் என்ன நேரும் என்பவற்றை, நம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் மாமா மகன் நடத்தும் கார் மின்பணிப் பட்டறையில் விடுமுறை நாட்களில் நான் கண்டவையும் ஆங்காங்கே இடம்பெறும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அறிந்துகொள்வதற்கான கட்டுரை, வீட்டில் செய்துபார்ப்பதற்கான செய்முறை அன்று.

காற்றுப் பை என்பது யாது?

அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஹெட்ரிக் என்பார் தம் குடும்பத்துடன் காரில் சென்றபோது விபத்தில் சிக்கித் தப்பினார். அந்த அனுபவத்தின் விளைவாக அவர் வடிவமைத்த காப்பு மெத்தைக்கு 1953இல் காப்புரிமை கிடைத்தது. மோதலை நொடியின் சிறு பகுதிக்குள் உணரும் நம்பகமான உணரியும், அதே வேகத்தில் பையை நிரப்பும் வழியும் கைகூடப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. காற்றுப் பை பரவலாகக் கார்களில் இடம்பெற்றது 1980களிலும் 1990களிலும்தான்.

ஏன் இத்தனை அவசரம்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. கார் சுவரில் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடல் நியூட்டனின் முதல் விதிப்படி அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. 50 மில்லி விநாடியில் அது 70 சென்டிமீட்டர் சென்றுவிடும். தலைக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இடைவெளியே பெரும்பாலும் அவ்வளவு இராது. நாம் ஒருமுறை கண் இமைக்க 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆகவே மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பையை நிரப்புவது வரை அனைத்தும் இமைப்பொழுதில் பாதிக்குள் முடிய வேண்டும்.

காற்றை அடைத்து வைத்த புட்டியால் மட்டும் இதைச் செய்வது கடினம் என்பதால் வேதியியலின் உதவி நாடப்பட்டது. முற்காலப் பைகளில் சோடியம் அசைடு என்னும் பொருள் பயன்பட்டது. சூடேறியதும் அது சிதைந்து சோடியமாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் பிரிகிறது. இரண்டு மோல் அசைடு, அதாவது 130 கிராம், மூன்று மோல் நைட்ரஜனைத் தரும். திட்ட வெப்ப அழுத்த நிலையில் அதன் பருமன் 67.2 லிட்டர். ஓட்டுநர் பக்கப் பையை நிரப்ப ஏறத்தாழ அவ்வளவு போதும். கையளவு உப்பு போன்ற ஒரு பொருளிலிருந்து ஒரு பெரிய தலையணை பிறக்கிறது! சோடியம் அசைடு நச்சுடையது என்பதால் பிற்காலத்தில் குவானிடின் நைட்ரேட் போன்ற வேறு பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

எஸ்.ஆர்.எஸ். என்பதன் முதற்சொல்லுக்குத் துணை என்று பொருள். எதற்குத் துணை? இருக்கைப் பட்டைக்குத் துணை. பட்டை உடலைப் பிடித்து நிறுத்த, பை தலையையும் மார்பையும் தாங்குகிறது. பட்டை அணியாதவர் பை விரியும் முன்பே அதன்மேல் சாய்ந்துவிட்டால், வெடித்து விரியும் பையே அவரைத் தாக்கும். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்ததை நாடே அறியும். விலையுயர்ந்த, காற்றுப் பைகள் பல கொண்ட கார் அது. பின்னிருக்கையில் இருந்த இருவரும் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. அவ்விருவரும் இறந்தனர், முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களுடன் பிழைத்தனர்.

பின்னலா, நெசவா?

துணியிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பை எந்தத் துணியால் ஆனது? நம் பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்படுவது. இழுத்தால் கண்ணிகள் வடிவம் மாறி இடம் கொடுக்கும், விட்டால் சுருங்கும். உடலுக்கு இதமான இக்குணமே காற்றுப் பைக்கு ஆகாத குணம். நிரம்பும்போது பை தன் வடிவத்தை இழக்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். எனவே அது பாவும் ஊடையுமாக நெருக்கி நெய்யப்படுகிறது. பெரும்பாலும் நைலான் 6,6 என்னும் இழையே பயன்படும். வலிமை, சூடான வாயுவைத் தாங்கும் திறன், பல ஆண்டுகள் மடித்து வைத்தாலும் நைந்துபோகாத தன்மை ஆகியவை இத்தேர்வுக்குக் காரணம். வாயு கசியாதிருக்கப் பல பைகளின் உட்புறம் சிலிகோன் பூசுவார்கள். நிரம்பிய பை உடனே தளர்ந்து உடலை மென்மையாக ஏற்க வேண்டும் என்பதற்காகப் பின்புறம் துளைகள் விடுவதும் உண்டு.

நம் தையற்காரர்கள் அறிய வேண்டிய செய்தியும் இங்கே ஒன்று உள்ளது. பல கார்களில் பக்கவாட்டுப் பை இருக்கையின் கதவோரத் தையலைப் பிரித்துக்கொண்டு வெளிவரும். அந்த இடத்தின் மேல் தடித்த சீட் கவரைப் போட்டு, அறுந்துவிடக் கூடாதே என்று இரட்டைத் தையல் ஓட்டினால் பை உள்ளேயே முடங்கும். இதற்கெனத் தைக்கப்படும் கவர்களில் அவ்விடத்தில் மட்டும் எளிதில் பிரியும் தையல் இருக்கும். தையல் பிரியாததே நல்ல வேலை என்று பழகிய ஊரில், பிரிய வேண்டிய இடத்தில் பிரிவதும் நல்ல வேலையே என்று கற்க வேண்டியிருக்கிறது.

காவல் காக்கும் மின்சுற்று

பையின் பின்னே வாயு உருளை. அதனுள் மெல்லிய கம்பி பொதிந்த ஓர் எரிதூண்டி. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். கியர் தண்டின் அடியிலோ அதன் அருகிலோ கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். முன்புற உணரிகளும் பெட்டிக்குள் உள்ள உணரியும் ஒருசேர மோதல் என்று உணர்த்தினால்தான் தூண்டிக்கு மின்னோட்டம் செல்லும். ஒரே ஒரு பிழையான சமிக்ஞையால் பை விரிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த இரட்டைப் பூட்டு.

தூண்டியைக் கொளுத்தச் சுமார் 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லி விநாடி பாய்ந்தால் போதும். ஜூல் விதிப்படி கணக்கிடுவோம். மின்னோட்டத்தின் வர்க்கம் 1.44, அதை 2 ஓமாலும் 0.002 விநாடியாலும் பெருக்க 0.0058 ஜூல். அதாவது ஆறு மில்லி ஜூலுக்கும் குறைவு. ஓர் உயிரைக் காக்கும் வெடிப்பைத் தொடங்க இவ்வளவே வேண்டும்.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறோம். பை தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் விரியும்; விரித்துப் பார்த்துச் சோதிக்க வழியில்லை. அப்படியானால் அது நலமாக இருக்கிறது என்று எப்படி அறிவது? இங்கேதான் பொறியாளர்கள் ஓம் விதியைக் கையாண்டார்கள். சாவியைத் திருப்பும்போதும், பின்னர் ஓடும்போதும், பெட்டி தூண்டியின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளக்கிறது. அது 40 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். 2 ஓம் தூண்டியில் 80 மில்லி வோல்ட் தோன்றும். சுற்று எங்கேனும் அறுந்திருந்தால் மின்னோட்டமே இராது. இரு கம்பிகளும் ஒன்றோடொன்று உரசினால் மின்னழுத்தம் சுழியை நெருங்கும். கப்ளரில் துரு ஏறி 3 ஓம் கூடினால் 200 மில்லி வோல்ட் ஆகும். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வோர் எண்!

இச்சோதனை மின்னோட்டத்தால் பை விரிந்துவிடாதா? கொளுத்தும் மின்னோட்டம் இதைப் போல் 30 மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வெப்பம் உண்டாகும் வீதத்தில் வேறுபாடு 900 மடங்கு. ஆகவே அச்சமில்லை. தூங்கும் காவலாளியை எழுப்பாமல் அவன் மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்ப்பது போன்றது இது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 12 வோல்ட், 5 வாட் விளக்கு ஒன்றின் தடை சுமார் 29 ஓம். அதன் சுற்றில் 3 ஓம் கூடினால் வெளிச்சம் சற்றுக் குறையும். நமக்குத் தெரியவும் தெரியாது. 2 ஓம் தூண்டியின் சுற்றிலோ அதே 3 ஓம் பெரும் பிழை. காரின் மற்ற மின் சாதனங்கள் எல்லாம் நன்றாக இயங்கும்போது இந்த ஒரு விளக்கு மட்டும் எரிவதற்கு இதுவே காரணம்.

விளக்கின் மொழி

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும். சில விநாடிகளில், பல கார்களில் ஆறேழு விநாடிகளில், அணைய வேண்டும். எரிவது விளக்கின் நலத்தைக் காட்டுகிறது. அணைவது சுற்றின் நலத்தைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுச் செய்தி. அணையாமல் எரிந்தால் பழுது உண்டு. மோதல் நேர்ந்தால் பை விரியாமல் போகலாம். தொடக்கத்தில் எரியவே இல்லையென்றால் நிலைமை அதனினும் மோசம். ஏனெனில் நோய் இருப்பதைச் சொல்லும் வாயே அடைபட்டிருக்கிறது.

பழுது காணும் முறை

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார்: நோய் இன்னது என அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், அதன் பின்னரே மருத்துவம். இயந்திரத்திற்கும் அவ்வரிசையே பொருந்தும்.

முதலாவது, கேட்டல். விளக்கு எப்போதிருந்து எரிகிறது? மழைநீரில் வண்டி நின்றதா? இருக்கையைக் கழற்றினார்களா? பாட்டரி மாற்றினார்களா? ஸ்டீயரிங்கில் கை வைத்தார்களா? பாதி நோய் இக்கேள்விகளிலேயே வெளிப்படும். பாட்டரி தளர்ந்து மின்னழுத்தம் குறைந்தாலே சில கார்களில் இவ்விளக்கு எரியும்.

இரண்டாவது, படித்தல். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனர் கருவியைச் செருகினால், பெட்டி தன் நினைவில் குறித்து வைத்த குறியெண்ணைத் தரும். எந்தச் சுற்று, என்ன குறை, இப்போது உள்ளதா அல்லது வந்து போனதா என்ற மூன்றையும் அதிலிருந்து அறியலாம். இஞ்சின் பழுதை மட்டும் படிக்கும் மலிவான கருவிகள் இப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குறியெண் தெருவின் பெயரைச் சொல்லும். வீட்டின் கதவு எண்ணைச் சொல்லாது. ‘ஓட்டுநர் பை, மின்தடை மிகுதி’ என்று வந்தால் பையை மாற்ற வேண்டும் என்று பொருளில்லை. பைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள எதுவும் குற்றவாளியாக இருக்கலாம்.

மூன்றாவது, அடக்குதல். சாவியை எடுத்து, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, காரின் கையேடு கூறும் நேரம் காத்திருக்க வேண்டும். விபத்தில் பாட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்று ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2200 மைக்ரோபாரட் மின்தேக்கி 25 வோல்ட்டில் ஏறக்குறைய 0.69 ஜூல் வைத்திருக்கும். தூண்டிக்கு வேண்டிய ஆற்றலைப் போல் அது நூறு மடங்குக்கு மேல். பாட்டரியைக் கழற்றிய மறுகணமே கை வைப்பவர் இக்கணக்கைப் படிக்காதவர்.

நான்காவது, பார்த்தல். காற்றுப் பைக் கம்பிகளின் கப்ளர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவை சரியாகப் பூட்டியுள்ளனவா, முனைகளில் பச்சை பூத்துள்ளதா, கம்பி எங்கேனும் நசுங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. கப்ளரைப் பிரித்தவுடன் உள்ளே ஒரு சிறு உலோகத் தகடு தூண்டியின் இரு முனைகளையும் இணைத்துவிடும். நிலைமின்னால் பை விரியாதிருக்க இந்த ஏற்பாடு. பாலியஸ்டர் துணியை உருவும்போது பொறி பறப்பதைக் கண்ட நம் ஊராருக்கு இதன் அருமை புரியும்.

ஐந்தாவது, பிரித்தறிதல். பையைக் கழற்றி, அதன் இடத்தில் 2 ஓம் அளவுள்ள சோதனை மின்தடையை இணைத்துப் பார்ப்பார்கள். குறை மறைந்தால் அது பையின் பக்கம். மறையாவிட்டால் கம்பியின் பக்கம். பாதி பாதியாகப் பிரித்து நெருங்கும் முறை இது. ஓட்டுநர் பக்கம் பெரும்பாலும் அகப்படுவது கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள் நாடா. ஸ்டீயரிங் சுழன்றாலும் இணைப்பு அறாமல் இருக்க அதற்குள் சுருட்டி வைத்த நாடா அது. பல கார்களில் ஹாரனுக்கான இணைப்பும் அதன் வழியே செல்கிறது. விளக்கு எரிவதோடு ஹாரனும் ஒலிக்கவில்லையென்றால் சந்தேகம் முதலில் அங்கே விழ வேண்டும்.

ஒரு போதும் செய்யக் கூடாதது ஒன்று: சாதாரண மல்டிமீட்டரைத் தூண்டியின் முனைகளில் வைத்து அளத்தல். நம் ஆய்வகத்தில் உள்ள முள் மீட்டர்களில் சில, தாழ்ந்த ஓம் அளவில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் செலுத்தக் கூடியவை. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை வெடிக்கச் செய்யலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

கடந்த கோடை விடுமுறையில் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. உரிமையாளர் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர். விளக்கு சில நாள் எரிவதும் சில நாள் அணைவதுமாக இருந்தது. வேறோர் இடத்தில் இருமுறை குறியெண்ணை அழித்துக் கொடுத்தார்களாம். நான்கு நாளில் மீண்டும் எரிந்ததாம்.

மாமா மகன் கேட்ட முதல் கேள்வி, “முன் சீட்டுல என்னங்க ஏத்துவீங்க?” என்பது. “கோன் பெட்டிதானுங்க. சில நேரம் சீட்டுக்கு அடியிலயும் நாலஞ்சு உருளும்” என்றார் அவர்.

ஸ்கேனர், இடப்பக்க முன்னிருக்கையின் பட்டை இறுக்கிச் சுற்றில் மின்தடை மிகுதி என்றது. மோதலின்போது பட்டையை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் இதற்கும் ஓர் எரிதூண்டி உண்டு. ஆகவே அதுவும் இப்பெட்டியின் காவலில்தான் இருக்கிறது. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தியபோது கருவியில் எண் ஏறி இறங்கியது. அதோடு தெருவின் பெயர் போய்க் கதவு எண்ணே தெரிந்துவிட்டது. பாட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, இருக்கையின் அடியில் விளக்கடித்துப் பார்த்தால் மஞ்சள் கப்ளர் பாதி பூட்டிய நிலையில் இருந்தது. கோன் ஒன்றிலிருந்து பிரிந்த நூல் கம்பியைச் சுற்றிக்கொண்டு, இருக்கை நகரும்போதெல்லாம் அதை இழுத்திருக்கிறது. இடுக்கில் பஞ்சும் அடைந்திருந்தது.

நூலை வெட்டி எடுத்து, முனைகளைச் சுத்தம் செய்து, கப்ளரைச் சொடுக்கென்று ஒலி வரும்வரை பூட்டி, கம்பியை இருக்கைச் சட்டத்தோடு பிணைத்தார். பின்பு குறியெண்ணை அழித்து, இருக்கையை இருபது முறை நகர்த்திப் பார்த்தார். எண் அசையவில்லை. உதிரிப்பாகம் எதுவும் மாற்றவில்லை.

“மொதல்லயே கோடை அழிச்சுத்தானே குடுத்தாங்க, அண்ணா?” என்று நான் கேட்டேன்.

“காய்ச்சல் அடிக்குதுன்னா தெர்மாமீட்டரை ஒதறி வெச்சாப் போதுமா தம்பி? வெளக்கு அணஞ்சுதுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. ஏன் எரிஞ்சுதுன்னு தெரியோணும்” என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அச்சொல்லே.

வாயடைத்த விளக்கு

அடுத்து நான் கண்டது வேறு வகை. என் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டில் பழைய கார் ஒன்றை விலை பேசியிருந்தார்கள். அவன் தந்தை பேட்லாக் டெய்லர். தாய் செக்கிங்கில் இருக்கிறார். பல ஆண்டுச் சேமிப்பு. வாங்கும் முன் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னோம். விற்பவர், “மீட்டர்ல ஒரு வெளக்குகூட எரியலீங்க, சுத்தமான வண்டி” என்று பெருமையாகச் சொன்னார்.

மாமா மகன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் விளக்கு, எண்ணெய் விளக்கு, பாட்டரி விளக்கு எல்லாம் எரிந்தன. காற்றுப் பை விளக்கு மட்டும் எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினால் பெட்டி பதிலே தரவில்லை. உரியவர் சம்மதத்தோடு ஸ்டீயரிங்கின் நடு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பையும் இல்லை. வாயு உருளையும் இல்லை. கப்ளரின் வாயில் இரண்டு ரூபாய் பெறாத ஒரு சிறு மின்தடை செருகியிருந்தது. மூடியின் உட்புறம் பசை கொண்டு ஒட்டிய தடம் தெரிந்தது. அக்கார் என்றோ ஒருநாள் மோதிப் பை விரிந்திருக்கிறது. புதிய பையும் பெட்டியும் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க யாரோ செய்த வேலை இது. முதலில் மின்தடையை வைத்துப் பெட்டியை ஏமாற்றப் பார்த்து, அது பலிக்காமற் போகவே விளக்கையும் பிடுங்கியிருக்க வேண்டும் என்பது மாமா மகனின் கணிப்பு.

பழுதறிவதற்குத் துணையாக ஐந்தாம் படியில் நாம் கண்ட அதே 2 ஓம் மின்தடை, இங்கே பழுதை மறைக்கும் கருவியாகிவிட்டது. பெட்டி அளப்பது தடையை, பையை அன்று. 2 ஓம் இருந்தால் அது நிறைவு கொள்ளும். ஓம் விதி பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் பொய்யான பொருளைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

தோழன் வீட்டார் அவ்வண்டியை வாங்கவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து வேலைக்குப் போகலாம் என்று எண்ணியிருந்த அவன் தாய், அந்த வெறும் மூடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பழக்கமும் உண்டு. இருக்கைப் பட்டை அணியாவிட்டால் ஒலிக்கும் மணியை நிறுத்தப் பூட்டில் செருகும் வெற்றுக் கிளிப். முன்னிருக்கையில் பண்டல் வைத்தாலும் மணி ஒலிப்பதால் நம் ஊரில் இதை வாங்குவோர் உண்டு. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இணைய விற்பனைத் தளங்கள் ஐந்திற்கு இக்கிளிப்புகளை விற்பனையிலிருந்து நீக்குமாறு ஆணையிட்டது. பட்டை பூட்டப்பட்டதா என்பதையும் காற்றுப் பைப் பெட்டி கணக்கில் கொள்ளும் கார்களில், கிளிப் என்பது மணியை மட்டுமின்றிப் பெட்டியையும் ஏமாற்றுவதாகும்.

விளக்குக்கும் தெரியாத நோய்

விளக்கு முறையாக எரிந்து அணைந்தால் எல்லாம் நலம் என்று முழுமையாக நம்பலாமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் கதை உலகுக்கு உணர்த்தியது. அந்நிறுவனம் வாயு உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த உருளைகளில் அப்பொருள் சிதைவுற்று, வேண்டிய அளவைவிட வேகமாக எரிந்தது. அழுத்தம் தாங்காமல் உலோக உறை உடைந்து, சில்லுகள் உள்ளிருந்தோர் மேல் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 20க்கு மேற்பட்டோர் இறந்தனர், ஏறத்தாழ 6.7 கோடி உருளைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2017 ஜூனில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய கார்களை அழைத்து உருளைகளை மாற்றித் தந்தன.

அவ்வுருளைகளின் தூண்டிகளும் 2 ஓம்தான் காட்டின. விளக்கும் அணைந்தே இருந்தது. மின்சுற்றின் நோயை மின்சுற்றால் அறியலாம். மருந்துப் பொருளின் மூப்பை அதனால் அறிய முடியாது. ஆகவே பழைய கார் வாங்குவோர், வண்டியின் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்டதா, மாற்றிவிட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இது இன்றியமையாதது.

முடிவுரை

நண்பர்களே, இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். காற்றுப் பை இருக்கைப் பட்டைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. அதன் நலத்தைப் பெட்டி ஓம் விதியால் அளந்து விளக்கால் அறிவிக்கிறது. எரிந்து அணையும் விளக்கே நல்ல விளக்கு. அணையாத விளக்கைக் கண்டால் கேட்டு, படித்து, அடக்கி, பார்த்து, பிரித்தறிந்து காரணத்தை நீக்க வேண்டும். எரியாத விளக்கைக் கண்டால் அந்தக் காரை வாங்கக் கூடாது. சொந்தக் காராயின் அதே நாளில் தேர்ந்த பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் என்று ஒரு பிரிவு உண்டு. துணியில் சிறு ஓட்டை இருந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் குறித்து ஒதுக்கி வைப்பார்கள். அந்த ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்துவிட்டு உருப்படியைப் பெட்டியில் போட்டால், சரக்கு துறைமுகம் தாண்டிச் சென்று திரும்பி வரும். நட்டம் பணத்தோடு போகும். காரின் சிவப்பு விளக்கும் அத்தகைய ஸ்டிக்கர்தான். அதைக் கிழிப்பவர் இழப்பது பணத்தை அன்று. அடுத்த முறை யாருடைய காரிலேனும் முன்னிருக்கையில் அமரும்போது, சாவி திரும்பியதும் அந்தச் சிறு விளக்கைப் பாருங்கள். ஆறு வரை எண்ணுங்கள். பட்டையை மாட்டிக்கொண்ட பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.